ரைபைசன் பெருந்தகை

கடன் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. பிறனிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளையும் கடன் என்கிறோம். ஒருவன் செய்து முடிக்கவேண்டிய கடமையையும் கடன் என்கிறோம். ஜெர்மன் மொழியிலோ கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் வழங்குகின்றது என அறிந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அம்மொழி பேசும் நாட்டிற் பிறந்து, கடன் வாங்குவோனையும் கொடுப்போனையும் ஒரே அவையிற் சமமாக அமர்த்திய ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைபைசன்.

நம் நாட்டிற் கூட்டுறவுச் சங்கம் இல்லாத ஊர் அரிது. முன்னாளில் அதனை ஐக்கிய நாணயச் சங்கம் என்று வழங்கினர். அச்சங்கத்தின் பலகையை நாம் நாள்தோறும் பார்த்துக்கொண்டு செல்கின்றோம்; பொருளாதாரம் பயிலும் நண்பர்கள் தேர்வுக்காக ரைபைசன் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். அவருடைய வாழ்க்கையில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ஏழைகளுக்காகச் செல்வர் நடத்தும் சங்கத்தையே அவர் முதலில் அமைத்தார்; அவ்வாறு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முயன்றார்; பின்னரே ஏழைகள் தாமே ஆளும் சங்கத்தை அமைக்கத் துணிந்தார். அம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

ரைன் நாட்டில், ஸீக் என்னும் ஆற்றின் கரையில் ஹாம் என்றோர் ஊர் இருக்கின்றது. அவ்வூரில் 1818-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் ரைபைசன் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் ஒன்பதின்மர், இவர் ஏழாமவர். தந்தையார் சில காலம் அவ்வூர்த் தலைவராயிருந்து, பின்னர் நிலைகுலைந்து அப்பதவியை இழந்தார். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் தலைமேல் வீழ்ந்தது. இறைப்பற்று மிக்க அவ்வம்மையாரிடத்தும், ஸைப்பெல் என்னும் சபைப் போதகரிடத்தும் ரைபைசன் கல்வியும் பண்பும் பெற்றார். உயர்தரப் பள்ளிக்குச் செல்லப் பொருளில்லை. ஆதலின் பதினேழாம் வயதிற் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். கண்ணோய் ஒன்று பற்றியமையால் 1843-இற் படைத்தொழிலை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை.

பின்னர் அரசாங்க அலுவலிற் புகுந்து, 1845-இல் வெஸ்டர்வால்டு மலைநாட்டு வையர்புஷ் என்னும் ஊரை நடுவாகக் கொண்ட இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்களுக்குத் தலைவராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு அல்லது இருபத்தேழு. அவ்வாண்டிலேயே எமிலி ஸ்டார்க் என்னும் நங்கையை மணந்தார்.

அம்மலைநாட்டின் நிலைமையைச் சிறிது கூறல் வேண்டும். மண் வளமற்றது, குளிர் நெடியது. தந்தையின் நிலம் மைந்தர்க்கெல்லாம் பகுக்கப்பட்டுப் பகுக்கப்பட்டு, ஏர் திரும்பவும் இடமில்லாத் துண்டுகளாய்க் கிடந்தது. விதைக்கும் மாட்டுக்கும் உழவன் வட்டிக்கு வாங்கினான். மாட்டு வணிகர் ஒரு முறை கையாண்டனர். பசுவோ காளையோ உழவன் தொழுவத்தில் நிற்கும். அதற்குத் தீனி வைப்பவன் அவன். ஆயினும் அதன் உடைமை வணிகனுடையது. கொழுத்தபின் வணிகன் அதனை ஓட்டிச் சென்று வேறொன்றை விடுவான். கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கணக்குப் புத்தகம் வணிகனிடத்தே இருந்தது. உழவன் அதனைப் பார்த்ததுமில்லை. பார்த்தாலும் விளங்கிக்கொள்ளும் கல்வி அவனுக்கில்லை. இதனை நான் சற்று விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் ரைபைசன் வகுத்த ஏற்பாடுகளிற் பெரும்பாலன, கணக்குப் புத்தகம் யார் கையிலிருத்தல் வேண்டும், அதனை யார் பார்த்தல் வேண்டும் என்பனவற்றையே பற்றியவை.

1846-இல் விளைவு பொய்த்தது. ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்கு நோய்ப்பட்டு அழுகிய காலம் அது. அடுத்த குளிர்காலத்தில் வையர்புஷ் மக்கள் பட்டினியால் வாடினர். அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் கையிற் காசு கொடுப்பவர்க்கே அதனை விற்றல் வேண்டுமென்று ஆணையிட்டது. காசுள்ளவனுக்குப் பஞ்சம் ஏது? ரைபைசன் அவ்வாணையைப் பொருட்படுத்தாது, ஊர்ச் செல்வரைத் திரட்டி அவர்களைப் பிணை நிற்கச் செய்து, ஏழைகட்குத் தவணையின்பேரில் மாவு அளித்தார். இங்ஙனம் தோன்றியதே ரொட்டிச் சங்கம். பொதுவான அடுமனை ஒன்றும் கட்டப்பட்டது. அங்குச் சுட்ட ரொட்டி சந்தை விலையில் ஏறத்தாழப் பாதிக்குக் கிடைத்தது. பின்னர் விதை உருளைக்கிழங்கும் அவ்வாறே வாங்கிக் கொடுத்தனர். அவ்வட்டாரத்திற் பள்ளிகளும், மலையூர்களை ரைன் ஆற்றுப் பக்கத்தோடு இணைக்கும் சாலையும் அமைத்தவரும் இவரே.

1848-இற் பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அங்கே, வறிய உழவர்க்குத் துணைபுரியும் சங்கம் ஒன்றை நிறுவினார். வசதி படைத்த ஏறத்தாழ 60 பேர் தம் உடைமை முழுவதையும் பிணையாக வைத்துப் பணம் திரட்டினர். அப்பணத்தால் மாடு வாங்கி உழவர்க்குத் தவணையிற் கொடுத்தனர். மாடு இப்போது உழவனுடையதாயிற்று. நாளடைவிற் சங்கம் பணமாகவும் கடன் கொடுக்கலாயிற்று. 1852-இல் ரைன் கரையிலுள்ள நாய்வீட் நகரை அடுத்த ஹெட்டெஸ்டார்புக்கு வந்தார். 1854-இல் அங்கு நிறுவிய அறச்சங்கம் மிகப் பெரிய நோக்கங்களை மேற்கொண்டது. ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தல், சிறையினின்று மீண்டோர்க்குத் தொழில் தேடித்தருதல், நூல்நிலையம் அமைத்தல், வறியோர்க்குக் கடன் உதவுதல் ஆகிய அனைத்தையும் அச்சங்கம் செய்ய முற்பட்டது.

இச்சங்கங்கள் எவையும் தீயவை அல்ல. பல குடும்பங்கள் அவற்றால் உயிர் பிழைத்தன. ஆயினும் அவற்றின் அமைப்பை உற்று நோக்கின் ஒன்று புலனாகும். சங்கத்தின் அங்கத்தினர் செல்வர். உதவி பெறுவோர் ஏழைகள். ஏழை, சங்கத்தின் வாயிலில் நின்று விண்ணப்பம் கொடுக்கலாம். உள்ளே அமர்ந்து கருத்துரைக்க அவனுக்கு இடமில்லை. யாருக்குக் கடன் தருவது, எத்துணை தருவது, கணக்குச் சரியா என்பனவெல்லாம் பிறர் முடிவு. கடனைத் திருப்பாவிட்டால் இழப்பும் பிறர்க்கே. முதல் ஆண்டிற் செல்வர் உள்ளம் கனிந்து முன்வந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் ஆர்வம் குன்றியது. தமக்கொரு பயனுமின்றித் தம் நிலத்தையும் வீட்டையும் பிறர் கடனுக்காகப் பிணை வைத்திருத்தல் எத்துணைக் காலம் இயலும்? ஒருவர் விலகினார், மற்றொருவர் விலகினார், புதியவர் வந்து சேரவில்லை. ஹெட்டெஸ்டார்புச் சங்கத்தின் பெரிய நோக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடனுதவி ஒன்றே எஞ்சி நின்றது. அதுவும் தள்ளாடிற்று.

இந்நிலையில் ரைபைசன் உள்ளத்தில் நிகழ்ந்த போராட்டத்தை நாம் எளிதாக எண்ணலாகாது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. பிறனை நேசித்தல் கிறிஸ்தவனுடைய கடமை. ஆதலின் செல்வன் ஏழைக்கு உதவுதலே சங்கத்தின் அடிப்படை என்று நம்பியிருந்தார். அக்காலத்திற் சாக்ஸனி நாட்டு டெலிட்ஷ் நகரில் ஹெர்மன் ஷுல்ட்சே என்னும் சட்ட அறிஞர், கைத்தொழிலாளர்க்கும் சிறு வணிகர்க்கும் 1850 முதற் கடன் சங்கங்களை அமைத்து வந்தார். கடன் பெற விரும்புவோரே அங்கத்தினராகிப் பங்கு செலுத்தி, தம் சங்கத்தைத் தாமே ஆளவேண்டும். தருமம் அங்கு நுழையலாகாது என்பது ஷுல்ட்சேயின் கொள்கை. இருவர்க்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. ரைபைசன் அக்கொள்கையைத் தயக்கத்தோடே கேட்டார். அன்பைக் கணக்கிற் கொள்ளாத சங்கம் அவருக்கு உவப்பாயில்லை. ஆனால் ஹெட்டெஸ்டார்பின் அனுபவம் அவர் கண்முன் நின்றது. தாம் விரும்பியது நிலைக்கவில்லை என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. அவருடைய பெருமையுள் முதன்மையானது இதுவே என நான் கருதுகின்றேன்.

1862-இல் ஆன்ஹௌசன் என்னும் சிற்றூரில் புதுமுறைச் சங்கம் தோன்றியது. 1864-இல் ஹெட்டெஸ்டார்பின் பழைய அறச்சங்கமும் கலைக்கப்பட்டுக் கடன் சங்கமாக மாற்றி அமைக்கப்பட்டது. இனிக் கடன் வேண்டுவோர் அங்கத்தினராதல் வேண்டும். அங்கத்தினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்குத் தம் உடைமை முழுவதாலும் பொறுப்பாவர். இதுவே வரம்பற்ற பொறுப்பு. செல்வரும் சேரலாம், ஆயினும் அவர் இனி ஈவோர் அல்லர், பிறரோடொத்த அங்கத்தினரே.

இச்சங்கம் ஆளப்பட்ட முறையை விரிவாகக் கூறுகின்றேன். ஆட்சியின் வேர் பொதுக்கூட்டம். அதில் நூறு காணி உடையவனுக்கும் ஒரு வாக்கு. ஒரு பசு உடையவனுக்கும் ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்டம். அக்குழுவைக் கண்காணிக்க மேற்பார்வைக் குழு என வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதும் அதுவே. ஒரு குழு செய்வதை மற்றொரு குழு பார்க்கும். இரண்டும் செய்வதை ஊரார் அனைவரும் பார்ப்பர். சங்கம் வெளியாரிடம் எத்துணை வரை கடன் வாங்கலாம், ஓர் அங்கத்தினர்க்கு அதிகமாக எத்துணை கொடுக்கலாம் என்னும் எல்லைகளைப் பொதுக்கூட்டமே விதித்தது. அவ்வெல்லைக்கு உட்பட்டு, இன்னாருக்கு இவ்வளவு என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. கடன் இன்ன காரியத்துக்கு என்று கேட்டுப் பெறவேண்டும். அக்காரியத்திற்குச் செலவாயிற்றா என்பதையும் பார்த்தனர். தவணை நீண்டது; சிலபோது பத்தாண்டு வரையும் செல்லும். கன்று வளர்ந்து பசுவாகிப் பால் தரும்வரை பொறுக்காத கடன் உழவனுக்கு எதற்கு?

குழுவினர்க்கு ஊதியம் இல்லை. ஊதியம் பெற்றவர் கணக்கர் ஒருவரே. கடன் கொடுப்பதைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. பணத்தை எண்ணுகின்ற கையும் பணத்தைப் பற்றி முடிவு செய்கின்ற வாயும் ஒருவருடையனவாக இருத்தலாகாது என்பதே இதன் கருத்து. மேற்பார்வைக் குழுவினர் காலந்தோறும் வந்து பேரேட்டைப் பார்த்தனர். பெட்டியிலுள்ள பணத்தை எண்ணினர். பிணை நின்றவர் இன்னும் பிணைக்குத் தகுதியானவர்தாமா என்றும் ஆராய்ந்தனர். ஒரு சங்கத்தின் எல்லை பெரும்பாலும் ஒரு திருச்சபைப் பங்கு அல்லது ஒரு சிறு ஊர்த் தொகுதி அளவே. யார் குடிப்பவன், யார் உழைப்பவன், யார் வீட்டில் மகளுக்குத் திருமணம் என்பதெல்லாம் ஒருவர்க்கொருவர் தெரிந்திருக்கவேண்டும் என்று ரைபைசன் வற்புறுத்தினார். வரும் இலாபம் சேம நிதியிற் சேரும். அந்நிதியை அங்கத்தினர் ஒருநாளும் தமக்குட் பங்கிட்டுக்கொள்ளலாகாது. சங்கம் கலைந்தாலும் பங்கிடலாகாது. ஆகவே நிதியைப் பங்கிடும் ஆசையாற் சங்கத்தைக் கலைக்கும் எண்ணம் எவர்க்கும் எழ இடமில்லாதொழிந்தது.

வரம்பற்ற பொறுப்பு என்பதைக் கேட்டவுடன் நமக்கு அச்சம் உண்டாகின்றது. பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் கட்டாவிட்டால் என் வயல் போகுமா? போகலாம். அதனாலேதான் ஆன்ஹௌசன் உழவன் குளிர்கால மாலையிற் பனியில் நடந்தும் பொதுக்கூட்டத்துக்கு வர நேர்ந்தது. தன் வயலே பிணையாக நிற்கும்போது, கணக்கு வாசிக்கையில் உறங்குபவன் உளனோ? வாக்குரிமை மட்டும் கொடுத்துப் பொறுப்பைக் கொடாதிருந்தால் உழவர் வந்திருக்கமாட்டார். பொறுப்பு மட்டும் கொடுத்து வாக்குரிமை கொடாதிருந்தாற் சேர்ந்தே இருக்கமாட்டார்.

இவ்விடத்தில் எங்கள் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். என் பாட்டனார் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் அங்கத்தினராயிருந்தார். சங்கத்தின் பெயர் வேண்டா. ஆண்டுதோறும் பொதுக்கூட்ட அறிவிப்பு வரும். அதனை மடித்து உத்திரத்திற் செருகிவிடுவார். கூட்டத்திற்குப் பின் சேவகன் வருகைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவருவான்; திண்ணையில் இருந்தபடியே கையொப்பமிட்டு, அவனுக்கு மோரும் கொடுத்து அனுப்புவார். அங்ஙனம் இட்ட கையொப்பங்களுள் ஒன்று, தாம் முகம் பார்த்திராத ஒருவருடைய கடனுக்குப் பிணைச் சீட்டில் விழுந்திருந்தது. தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்று அதனைத் தீர்த்தார். அவர் யார்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. கையொப்பம் தம்முடையதுதானே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ரைபைசன் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவ்வுத்திரத்துக் காகிதங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

இனி அவர் வாழ்க்கையைத் தொடர்வோம். 1863-இல் மனைவியார் எமிலி மறைந்தார். அக்காலத்திலேயே ரைபைசனுக்கு உடல்நலம் கெட்டுக் கண்ணொளியும் பெரிதும் மங்கியது. 1865-இல், நாற்பத்தேழாம் வயதில், பதவியை விடுத்தார். ஓய்வூதியம் சிறிது, பிள்ளைகள் சிறுவர். சுருட்டுச் செய்யும் தொழில் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். பின்னர்த் திராட்சை மது வணிகம் செய்தார். உலகம் போற்றும் சங்கங்களைக் கண்டவர் அச்சங்கங்களிலிருந்து பிழைப்புத் தேடவில்லை. ஊதியமில்லாப் பணி என்று பிறர்க்கு விதித்ததைத் தாமும் கடைப்பிடித்தார்.

1866-இற் கடன் சங்கங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கண் தெரியாதவர் நூல் எழுதியது எங்ஙனம்? மூத்த மகள் அமாலி எழுத, அவர் சொன்னார். நூலும், நூற்றுக்கணக்கான கடிதங்களும், சங்கங்களின் விதிகளும் அப்பெண்மணியின் கையெழுத்தாலேயே உருவாயின. அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை அதற்கு இசையவில்லை. சமமான வாக்கைப் பற்றி இத்துணை எழுதியவர், அதனை எழுதிய மகளுடைய வாழ்க்கையில் அவளுக்கு எத்துணை வாக்கு அளித்தார் என்று கேட்கத் தோன்றுகின்றது. கேட்டுவிட்டு மேற்செல்கின்றேன். அந்நூல் அவர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புக்கள் கண்டது. அதனைப் படித்துப் பல ஊர்களிலும் போதகரும் ஆசிரியரும் முன்னின்று சங்கங்களை அமைத்தனர்.

சிறு சங்கங்களுக்கு ஓர் இடர் உண்டு. ஓர் ஊரிற் பணம் மிகும். மற்றோர் ஊரிற் பணம் முடையாகும். இதனைத் தீர்க்க 1872-இற் சங்கங்களுக்கெல்லாம் பொதுவான வங்கி ஒன்றை நாய்வீட்டில் தொடங்கினார். ஷுல்ட்சே இதனைக் கடுமையாக எதிர்த்தார். குறுகிய காலத்துக்கு வந்த வைப்புப் பணத்தை நெடுங்காலக் கடனாகக் கொடுத்தால், வைத்தவர் திரும்பக் கேட்கும்போது சங்கம் என்ன செய்யும் என்பது அவர் வினா. அது பொருளற்ற வினா அன்று. வங்கித் தொழில் அறிந்த எவரும் கேட்கக்கூடியதே. அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பி ரைபைசன் சங்கங்களை ஆராய்ந்தது. குழுவின் கருத்து பெரும்பாலும் அவற்றிற்குச் சாதகமாயிருந்தது. எனினும் சட்டத்தின் வலிமையால் ஷுல்ட்சே பக்கம் ஓரளவு வென்றது. பங்கு இல்லாச் சங்கம் செல்லாது என்றாயிற்று. ரைபைசன் பங்கை மிகச் சிறிய தொகையாக வைத்து அச்சட்டத்தைச் சமாளித்தார். பொது வங்கியும் கலைக்கப்பட்டு, 1876-இல் வேறு சட்ட வடிவில் மீண்டும் எழுந்தது. 1877-இற் சங்கங்களின் ஒன்றியமும் அமைந்தது. ஒன்றியம் பயிற்சி பெற்ற தணிக்கையாளரை ஊர்தோறும் அனுப்பியது.

அவருடைய குறைகளையும் மறைத்தலாகாது. வட்டி வணிகருள் யூதர் சிலர் இருந்தமை பற்றி அவ்வினத்தார் எல்லோர்மீதும் பழி சுமத்தும் சொற்கள் அவர் எழுத்துக்களிற் காணப்படுகின்றன. பிறனை நேசித்தலே அடிப்படை என்றவர் அங்ஙனம் எழுதியது வருந்தத்தக்கது. மற்றொன்று, நம் பொருளுக்கு அண்மையது. ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் அங்கத்தினரே ஆளவேண்டும் என்று வகுத்தவர், சங்கங்களின் ஒன்றியத்தை நாய்வீட்டிலிருந்து தம் கைப்படவே நடத்த விரும்பினார். ஹெஸ்ஸி நாட்டு வில்ஹெல்ம் ஹாஸ் என்பவர் இதற்கு உடன்படவில்லை. ஊரிலுள்ள உழவனுக்கு உள்ள உரிமை, ஒன்றியத்திலுள்ள வட்டாரச் சங்கத்துக்கு ஏன் இல்லை என்பது அவர் வாதம். 1883-இல் ஹாஸ் தலைமையில் வேறோர் ஒன்றியம் பிரிந்து சென்று, பின்னாளில் ரைபைசனுடையதினும் பெரிதாக வளர்ந்தது. ஆசிரியர் கற்பித்ததை ஆசிரியர்மீதே மாணவர் திருப்பிய கதையாயிற்று இது. பிரிந்தவர் அவர் பகைவர் அல்லர். அவர் நூலைப் படித்து வளர்ந்தவரே.

1888-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், எழுபதாம் பிறந்தநாளுக்குப் பத்தொன்பது நாள் முன்னதாக, ஹெட்டெஸ்டார்பில் ரைபைசன் உயிர் நீத்தார். அப்போது அவர் வழிநின்ற சங்கங்கள் 400-க்கு மேற்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் இயற்றப்பெற்ற கூட்டுறவுச் சட்டம், ஒவ்வொரு சங்கத்தின் கணக்கையும் வெளியார் ஒருவர் தணிக்கை செய்தல் கட்டாயம் என்று விதித்தது. தம் சங்கங்களில் அவர் தாமாகவே ஏற்படுத்தியிருந்ததைச் சட்டம் பின்னர் வந்து எல்லோர்க்கும் பொதுவாக்கியது. கூட்டுறவு என்னும் கருத்தையும் அதன் வழக்கத்தையும் மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிற் சேர்த்தது. அதற்கு விண்ணப்பித்த நாடு ஜெர்மனி.

அவர் மறைந்த நான்கு ஆண்டுக்குப்பின், நம் சென்னை மாகாண அரசாங்கம் உழவர் கடன்சுமையைத் தீர்க்கும் வழி தேடலாயிற்று. சர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி 1892-இல் அப்பணிக்கு அமர்த்தப்பெற்றார். ஐரோப்பிய நாடுகளின் நாணயச் சங்கங்களை நுணுகி ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரு பகுதிகளாக நீண்ட அறிக்கை அளித்தார். சட்டமும் பணமும் இருந்தாற் போதாது, ரைபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதே அவர் கூறிய முடிவின் சாரம். 1904-இல் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. ஊர்ப்புறச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பும், பங்கிடலாகாத சேம நிதியும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. ஆன்ஹௌசன் உழவர் ஒப்புக்கொண்ட விதிகள் தமிழ்நாட்டு உழவர்க்கும் வந்து சேர்ந்தன. அவ்வாண்டிலேயே, அக்காலத்திற் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திரூரில் ஊர்ப்புற நாணயச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. இம்மாகாணத்தில் அதுவே முதலாவது.

சென்ற கோடை விடுமுறையில், என் பாட்டனார் அங்கத்தினராயிருந்த அதே சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு என் தந்தையாருடன் சென்றிருந்தேன். வந்திருந்தோர் இருபதின்மருக்கு மேலிரார். செயலாளர் வரவு செலவுக் கணக்கை மிக விரைந்து வாசித்து முடித்து, ஆட்சேபணை இல்லையே என்று கேட்டுத் தாளை மடித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கை உயர்த்தி, உரக்கடன் பாக்கி என்ற வரியை மட்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னார். செயலாளர் தாளை விரித்து வாசித்தார். அப்பாக்கி யார் யார் பெயரில் நிற்கின்றது என்று மூதாட்டி அடுத்துக் கேட்டார். பேரேடு கொண்டுவரப்பட்டது. கூட்டம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.